உப்புத்தாள் போட்ட சட்டி

எண்ணெயை இன்னும் கொஞ்சம் ஊற்றுங்க சார். பயப்பட வேண்டாம், சட்டியை நான்தானே பிடித்திருக்கிறேன். ம், இன்னும். நல்லெண்ணெய்தான். சதாராவில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினேன். எதற்கு என்று கேட்டு ஒருத்தர் சிரிக்கிறார், விளக்குக்கா, முழங்கால் வலிக்கா என்று. சட்டிக்கு என்று இந்தியில் எப்படிச் சொல்வது? முழங்காலுக்குத்தான் என்று வாங்கி வந்துவிட்டேன். போதும். இல்லை, இன்னும் ஒரு சொட்டு. இதில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது.

நீங்க இந்தப் பக்கம் வந்துவிடுங்க. காற்று மாறிவிட்டது, புகை உங்கள் கண்ணுக்குத்தான் வரும். அந்தக் கட்டை மேலேயே உட்காரலாம். டயருக்கு முட்டுக் கொடுக்கிற கட்டைதான். டயருக்கா? வேறு கல் வைத்திருக்கிறேன், வண்டி எங்கேயும் போகாது. போக வழி வேண்டுமே. மேலே வளைவில் டேங்கர் படுத்துக் கிடக்கிறது, கிரேன் இப்போதுதான் நம்மைத் தாண்டிப் போனது. அது தூக்கி, ஓரமாக இழுத்து, போலீஸ்காரர் கை காட்டி, முன்னால் நிற்கிற இத்தனை வண்டியும் நகர்ந்து. இருட்டுவதற்குள் நகர்ந்தால் பெரிய விஷயம். எனக்கு அவசரமில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் தாமதமானால் நல்லதுதான். சட்டி ஆக வேண்டும்.

உங்கள் காரில் கோயமுத்தூர் நம்பரைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை, கூப்பிட்டுவிட்டேன். தப்பாக நினைக்காதீங்க. சங்ககிரியை விட்டுக் கிளம்பியதிலிருந்து உட்கார்ந்து தமிழில் நாலு பேச்சுக் கிடையாது. வண்டியில் இன்னொரு ஆள் இருக்கிறாரே என்கிறீர்களா? காலைத் தூக்கி டேஷ்போர்டு மேல் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்கிறானே, அவனா? வையாபுரி. அவனும் தமிழ்தான், திருச்செங்கோட்டுப் பக்கம். அவன் கூட இருப்பதால்தான் பேச்சு இல்லை என்கிறேன்.

என் பேர் செங்கோடன். நாங்கள் இந்த வண்டிக்கு இரண்டு டிரைவர். ஒருத்தன் ஓட்டும்போது ஒருத்தன் தூங்குவோம். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு புனே, நாசிக், இந்தூர் என்று வருவோம். இந்தப் பக்கத்து ஜனங்கள் விரதம் என்றால் ஜவ்வரிசியைத் தாளித்துச் சாப்பிடுகிறார்கள் சார். இவர்கள் விரதம் இருக்கிறவரைக்கும் எங்கள் அடுப்பு எரியும். வண்டிக்குக் கிளீனர் கிடையாது. சமையல் வையாபுரி, பேச்சு நான். அவன் அப்படிச் சொல்வான், கிண்டலுக்கு. நான் ஒன்றும் அவ்வளவாகப் பேசுகிற ஆள் இல்லை. நீங்களே பார்க்கிறீர்கள்.

விறகை இன்னும் உள்ளே தள்ளுங்க. ஈரம், அதனால்தான் சீறுகிறது. மழை பெய்த காட்டில் இதுதான் கிடைக்கும். கூடக் கொஞ்சம் பழக்கூடைப் பலகை இருக்கிறது, அதையும் போடுவோம். தீ பெரிதாக இருக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால் பார்த்தீர்கள் இல்லையா, வெறும் சட்டி காயக் காய முதலில் வெல்லப்பாகு நிறம், அப்புறம் மயில்கழுத்து மாதிரி நீலம். அந்த நீலம் வந்ததும் எண்ணெய் என்று ஹூப்ளிக்காரர் சொல்லியிருக்கிறார். அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

சட்டி அவனுடையது. வையாபுரியுடையது. இதில் எனக்குச் சண்டை கிடையாது, அவனுடையதுதான். திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் அவன் அண்ணன் நாச்சிமுத்து வெல்டர். மிஞ்சின எஃகுத் தகட்டை வட்டமாக வெட்டி, தட்டித் தட்டிக் குழித்து, ஒரு கம்பியை வளைத்துக் கைப்பிடி வைத்துத் தம்பிக்குக் கொடுத்தார். அளவைப் பாருங்க, ஒரு முட்டை, நெருக்கினால் இரண்டு. அதற்கு மேல் இடமில்லை. பட்டறைக்குப் பின்னால் மரத்தூளைக் கொளுத்தி, அந்த நெருப்பில் ஒரு பகல் முழுக்க வாட்டி எண்ணெய் தடவித் தடவிக் கறுப்பாக்கித்தான் கொடுத்தாராம். போன வருஷம் அவர் போய்விட்டார். நெஞ்சு வலி. அது வேறு விஷயம்.

அந்தச் சாவுக்கு நான்தான் லோடோடு வண்டியைத் திருப்பினேன் சார். சித்ரதுர்காவில் இருக்கிறோம், போன் வருகிறது. முதலாளி கத்துகிறார், ஜவ்வரிசி என்ன அழுகியா போய்விடும் என்று நானும் கத்துகிறேன். ராத்திரி முழுக்க நான்தான் ஓட்டினேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அப்படி இருந்த ஆட்கள் நாங்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், செய்ததை எல்லாம் மறந்துவிட்டு ஒரு சட்டிக்காக ஒருத்தன் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான் என்றால், அவனை என்னவென்று சொல்வது?

நடந்தது இதுதான். ஆயுதபூஜை.

வண்டிக்காரனுக்கு வருஷத்தில் அதுதானே பண்டிகை. முதலாளி ஷெட்டில் எல்லா வண்டியும் வரிசையாக நிற்கிறது. எங்கள் வண்டியை நான் கழுவினேன். டயருக்குக் கறுப்பு அடித்தேன். வாழைக்கன்று கட்டினேன். ஸ்பேனர், ஜாக்கி, லீவர், டூல் பெட்டியில் இருக்கிறதை எல்லாம் கொட்டி டீசலில் ஊறப் போட்டுத் தேய்த்தேன். வையாபுரி எங்கே? பொண்டாட்டி பிள்ளைகளை அழைத்து வர வீட்டுக்குப் போயிருக்கிறான். சுண்டலும் அவன் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். சரி, அவன் வருவதற்குள் எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று கேபினுக்குள் ஏறிப் பார்க்கிறேன். சீட்டுக்குப் பின்னால் கொக்கியில் இந்தச் சட்டி தொங்குகிறது. கரி மாதிரி. அடுப்புக்கரி தோற்றுவிடும். நான் யோசித்தேன் சார். ஜாக்கி வருஷத்தில் நாலு நாள் உழைக்கிறது, அதற்குப் பொட்டு வைக்கிறோம். தினமும் சோறு போடுகிறது இது, இதற்கு ஒரு பொட்டு இல்லையா? இப்படி யார் யோசிப்பார்கள்? முதலாளி யோசிப்பாரா?

டீசலுக்கு மசியவில்லை. மண்ணைப் போட்டுத் தேய்த்தேன், அதற்கும் மசியவில்லை. ஷெட்டில் கிரைண்டர் மிஷின் இருக்கிறது. அதில் கம்பி பிரஷ்ஷை மாட்டிப் பிடித்தேன், பொறி பறந்தது. கறுப்பு செதில் செதிலாக உரிந்து வந்தது. அதுவும் போதாது என்று உப்புத்தாளை வாங்கி, முதலில் முரடு, அப்புறம் நைஸ், உள்ளே வெளியே அடியில் கைப்பிடியில், கை சிவந்துபோனது. முடித்துப் பார்த்தால், முகம் பார்க்கலாம் சார். நான் பார்த்தேன். மீசையில் நரைமுடி தெரிகிறது. சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் நடுவில், நட்டநடுவில் வைத்தேன். மற்ற டிரைவர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொறாமை.

வையாபுரி குடும்பத்தோடு வந்தான். கையில் சுண்டல் தூக்கு. பார்த்தான், நின்றுவிட்டான். அசந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பீர்கள். தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் சட்டியை எடுத்துச் சாய்த்துப் பார்த்தான். கட்டைவிரலை நடுவில் வைத்து ஒரு சுற்று சுற்றினான்.

"யாரு தேச்சது?"

"வேற யாரு. நான்தான். எப்படி?"

சட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான். அவ்வளவுதான். பூசணிக்காய் உடைத்தோம், எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றினோம், பொரி கொடுத்தோம். அவன் மகளுக்குக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். இவனுக்கு நீட்டினேன். "வேண்டாங்ணா" என்றான். 'அண்ணா' என்று அவன் கூப்பிட்டது அதுதான் கடைசி.

என்ன காரணம் என்று நான் யோசிக்காத யோசனை இல்லை. ஜாக்கிக்குப் பக்கத்தில் வைத்தது பிடிக்கவில்லையோ? சாப்பிடுகிற சட்டி, கிரீஸ் படுகிற ஜாக்கி, சரி, அது ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்வோம். அல்லது குங்குமம் வைத்தேனே, திருநீறு வைத்திருக்க வேண்டுமோ? அவர்கள் வீட்டில் திருநீறுதான். அல்லது அவன் பொண்டாட்டி ஏதாவது சொல்லியிருப்பாள், உங்கள் சட்டியை இத்தனை வருஷமாக நீங்கள் இப்படியா வைத்திருந்தீர்கள், செங்கோடன் அண்ணன்தான் வந்து தேய்க்க வேண்டியிருந்ததா என்று. பெண்கள் அப்படிச் சொன்னால் ஆம்பளைக்கு உறைக்கும். இதுதான் காரணம் என்று நான் முடிவு பண்ணியிருந்தேன். வெகு தூரம் வரைக்கும் அதே முடிவில்தான் இருந்தேன்.

மறுநாள் லோடு ஏற்றிக் கிளம்பினோம். ஓசூர் தாண்டி நிறுத்தினோம், சாப்பாட்டு நேரம். அவன் இறங்கவே இல்லை. கொக்கியில் சட்டி இல்லை. தேடினால் டூல் பெட்டிக்குள் கிடக்கிறது, ஜாக்கியோடு. சரி, உனக்குக் கோபம் என்றால் நான் சமைக்கிறேன் என்று கல் கூட்டித் தீ மூட்டி, பளபளவென்று இருக்கிற சட்டியில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினேன். ஊற்றினதுதான் தெரியும். தேர்தல் நோட்டீஸ் ஒட்டின மாதிரி ஒட்டிக்கொண்டது. கரண்டி போட்டுச் சுரண்டினால் முட்டை தூளாக வருகிறது, சட்டியில் கீறல் விழுகிறது. இதே சட்டியில் அவன் ஊற்றுவான் சார். லேசாக ஒரு ஆட்டு ஆட்டினால் முட்டை வழுக்கிக்கொண்டு ஒரு சுற்று வரும், கரண்டி படாமல் தட்டில் வந்து விழும். நான் சுரண்டுகிறதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் இறங்கிப் போய் ஒரு பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டு வந்தான்.

கழுவி வைத்தேன். விடிந்து பார்த்தால் சட்டி முழுக்கச் செந்தூரம் பூசின மாதிரி துரு.

அன்றிலிருந்து இவன் ஓட்டினால் நான் தூங்க வேண்டும், நான் ஓட்டினால் அவன் தூங்குவான். ஆள் மாறும்போது ஒரு வார்த்தை உண்டா? பிரேக் பிடிக்குது, டோல்ல சில்லறை வாங்கணும், தூக்கம் வந்தா எழுப்புங்க, இப்படி எவ்வளவு இருக்கிறது ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனிடம் சொல்ல. ஒன்றும் கிடையாது. முன்னெல்லாம் சாவியைக் கையில் கொடுத்து, கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போவான். இப்போது சாவியைச் சீட்டின் மேல் வைத்துவிட்டு இறங்கிவிடுகிறான். நான் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன், அது பாட்டுக்குச் சீட்டின் மேல் கிடக்கும். சத்தம் போட்டுச் சண்டை போடுகிறவனைச் சமாளித்துவிடலாம். இவன் பேசாமல் இருந்தே ஆளை அரைத்து எடுத்துவிடுவான்.

தும்கூர் பக்கத்தில் முதலாளிக்குப் போன் போட்டான். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறான். அல்லது தூங்கவில்லை என்று தெரிந்தே பேசினானோ.

"புனேல லோடு எறக்கிட்டு நான் ரயில்ல வந்துடறனுங்க. திரும்பி வர்றப்ப அவரே ஓட்டிட்டு வரட்டும். இனி எனக்கு வேற வண்டி குடுங்க."

'அவரு.' அண்ணன் இல்லை, செங்கோடன் இல்லை, அவரு. ரோட்டில் போகிற யாரையோ சொல்கிற மாதிரி. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். போகட்டும் சார். எனக்கென்ன. சங்ககிரியில் டிரைவருக்கா பஞ்சம்? கல்லை விட்டால் ஒரு டிரைவர் மேல்தான் விழும். வருகிறவன் நன்றாகப் பேசுகிறவனாகவும் இருக்கலாம். புனே இங்கிருந்து எவ்வளவு தூரம் என்கிறீர்கள்? இந்த ஏற்றம் ஏறி இறங்கினால் அவ்வளவுதான். வழி விட்டுவிட்டால் காலையில் லோடு இறங்கிவிடும். அதனால்தான் சொன்னேன், டேங்கர் கொஞ்சம் மெதுவாக எழுந்திருக்கட்டும் என்று.

இல்லை இல்லை, சட்டிக்காகச் சொன்னேன்.

ஹூப்ளிக்காரரா? ஹூப்ளியில் ரோட்டோரம் தோசை போடுகிற ஒருத்தர், நம்ம விருதுநகர்ப் பக்கம். டீ குடிக்கிற சாக்கில் கேட்டேன், ஏங்க, சட்டியில் முட்டை ஒட்டாமல் இருக்க என்ன செய்ய? சட்டியைக் கொண்டு வரச் சொன்னார். பார்த்துவிட்டு, "புதுசா?" என்றார். பழசுதான், தேய்த்தேன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "பழக்கின சட்டியவா தேச்சீங்க? நீங்களாவா தேச்சீங்க, யாரும் சொல்லித் தேச்சீங்களா?" என்கிறார். என்ன கேள்வி இது? பழக்கணும் என்றார், வெறும் சட்டியை நீலமாகக் காய வைத்து எண்ணெய் விட்டுப் புகைய விடு, ஆற விடு, மறுபடி எண்ணெய், மறுபடி புகை, மூன்று தரம் செய்தால் பிடிக்கும் என்றார். எவ்வளவு எண்ணெய் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தோசைக்குக் கூட்டம் வந்துவிட்டது.

ஹூப்ளி தாண்டி ஒரு தரம் செய்தேன். பலாப்பழப் பிசின் மாதிரி வந்தது. விரலை வைத்தால் விரல் வரமாட்டேன் என்கிறது. அதையும் உப்புத்தாள் போட்டு எடுத்தேன், பூஜைக்கு வாங்கின தாள் மிச்சம் இருந்தது. கோலாப்பூருக்கு முன்னால் இன்னொரு தரம். அதுவும் பிசின்தான், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பழுப்பு. எண்ணெய் போதவில்லை என்று எனக்குப் பட்டது. அதனால்தான் இன்றைக்குத் தாராளமாக விடுகிறோம்.

உங்கள் வீட்டில் கஞ்சித்தண்ணியில் ஊறப் போடுவார்களா? அதுவும் நல்ல யோசனைதான். கஞ்சிக்கு எங்கே போக? மூட்டையைப் பிரித்து ஜவ்வரிசி காய்ச்சினால் முதலாளி என்னைக் காய்ச்சிவிடுவார்.

அட, நீங்கள் வேறு. அவனுக்காக யார் செய்கிறார்கள்? எனக்காகத்தான். அவன் போய்விட்டால் திரும்பி வரும்போது நான் முட்டை பொரித்துச் சாப்பிட வேண்டாமா? அவன் சட்டிதான், ஆனால் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். டூல் பெட்டியில் போட்டவன் கேட்டால் கொடுக்காமலா இருப்பான்? போகும்போது ஒரு முட்டை மட்டும் போட்டுக் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அதற்காகத்தான் சதாராவில் அரை டஜன் வாங்கி, அதோ படுதாக் கொக்கியில் பையோடு மாட்டியிருக்கிறேன். சின்ன வெங்காயம்கூட வாங்கினேன். அவனுக்குப் பெரிய வெங்காயம் ஆகாது.

மன்னிப்பா? எதற்கு சார்? அழுக்கைத் தேய்த்ததற்கா? அவன் ஒரே ஒரு தரம் வாயைத் திறந்தான், பெல்காம் பக்கம். நான்தான் கேட்டேன், அப்படி என்னதான் செய்துவிட்டேன் உன்னை என்று. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "அது அண்ணன் ஏத்துன கறுப்பு." கறுப்பை யாராவது ஏற்றுவார்களா? அது தானாக ஏறுகிறது. சரி, அண்ணன்தான் ஏற்றினார் என்றே இருக்கட்டும். இதோ நான் மூன்று ஜில்லாவாக ஏற்றிக்கொண்டு வருகிறேன், எனக்கு ஒருத்தரும் நன்றி சொல்லவில்லையே.

புகைகிறது பாருங்க. இப்போதுதான் சரியாகப் புகைகிறது. இன்னும் ஒரு பலகையைப் போடுங்க, அப்படியே.

உஷ். மெதுவாக. பாட்டு நின்றுவிட்டது. கதவு திறக்கிறான். திரும்பிப் பார்க்காதீங்க. ஒன்றுக்குப் போவான். இல்லை, இந்தப் பக்கம் வருகிறான். தண்ணீர் கேன் எடுக்கத்தான் இருக்கும், கேன் இங்கேதான் இருக்கிறது.

வாப்பா வையாபுரி. சாரு நம்ம கோயமுத்தூரு. பையன் புனேல வேலையில இருக்கறாப்புல, பார்க்கப் போறாங்க. அம்மா கார்ல தூங்கறாங்க.

தலையாட்டினான், பார்த்தீர்களா? உங்களுக்கு. எனக்கில்லை.

என்ன செய்கிறான்? ஏப்பா, ஏப்பா, விறகை ஏன் இழுக்கற? அரை மணி நேரமாக நாம் ஊதி ஊதி ஏற்றின தீ சார். நன்றாக எரிகிற கட்டையாகப் பார்த்து வெளியே போடுகிறான். இனி தணல்தான் இருக்கும், தணலில் எங்கே காயும்? துண்டு என்னுடையது. கேட்கிறானா பாருங்க, என் தோளிலிருந்து அவனே எடுத்துக்கொள்கிறான். அடப்பாவி. எண்ணெய் முழுக்கக் கீழே. சதாரா எண்ணெய். இப்போது துடைக்கிறான். இன்னும் துடைக்கிறான். ஒரு பொட்டு எண்ணெய் மிச்சம் இருக்கக் கூடாது என்கிற மாதிரி அழுத்தி அழுத்தி. நான் என்ன செய்தாலும் இவனுக்கு ஆகாது என்று சொன்னேனே, கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்க. இதோ, சட்டியைக் கவிழ்த்தே வைத்துவிட்டான், கல் மேல். கவிழ்த்து வைத்த சட்டியில் யாராவது சமைப்பார்களா?

உங்களிடம் ஏதோ சொல்கிறான். சொல்லட்டும், சொல்லட்டும்.

"இது ஒரு நாள்ல ஆகறதில்லீங்க. ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு நாலு தடவையாச்சும் நெருப்புக் காட்டணும்."

நாலா? எதுக்கு நாலு? ஹூப்ளிக்காரரு மூணு போதும்னு சொன்னாரு.

"அவரு தோசைக்கல்லுக்குச் சொல்லியிருப்பாரு. கல்லு கனம். இது தகடு."

தகடாம். கேட்டீர்களா? ஹூப்ளிக்காரர் முப்பது வருஷமாகத் தோசை போடுகிறவர், அவருக்குத் தெரியாதது இவனுக்குத் தெரியுமாம். நாலு தரமாம். அதுவும் ஊர் போய்ச் சேர்வதற்குள். கணக்கு மட்டும் சொல்லிவிடுவான், உட்கார்ந்து புகையில் கண் எரிகிறது யாருக்கு?

என்னிடம் ஒரு வார்த்தை பேசினானா சார்? எல்லாம் உங்களிடம்தான்.

ஹாரன். மேலே வழி விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. பாருங்க, ஒவ்வொருத்தனாக வண்டியைக் கிளப்புகிறான். எழுந்திருங்க, எழுந்திருங்க, அம்மா பயந்துவிடப் போகிறார்கள். அந்தக் கட்டையை மட்டும் இப்படித் தள்ளிவிடுங்க. தண்ணீரை நான் ஊற்றுகிறேன், கங்கு இருந்தால் காற்றில் பறக்கும். முட்டைதான் போட முடியாமல் போய்விட்டது. அதனால் என்ன, அந்தப் பையை நீங்கள் எடுத்துக்கொண்டு போங்க, பையன் வீட்டுக்கு ஆகும். கொக்கியில்தானே மாட்டினேன்? காணோமே. அதோ, அவன் கையில் இருக்கிறது. ஒரு கையில் துண்டைச் சுற்றிச் சட்டி, ஒரு கையில் முட்டைப் பை, கேபினில் ஏற்றிவிட்டான். விருந்தாளிக்கு ஒரு முட்டை கொடுக்க மனசு வரவில்லை பாருங்க. நீங்க தப்பாக நினைக்காதீங்க, அவன் சுபாவம் அப்படி.

நீங்கள் எங்களுக்கு முன்னாலேயே போய்விடுங்க, பின்னால் வந்தால் எங்கள் புகைதான். வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறுங்க. இனி என் முறை, நான்தான் ஓட்ட வேண்டும். காலையில் லோடு இறக்கிவிட்டால் அப்புறம் நான் தனி ஆள். சேலம் வரைக்கும் நானும் ரோடும்தான். உங்களுக்குத் தெரிந்த டிரைவர் யாராவது இருந்தால் சொல்லுங்க சார், நம்ம பக்கத்து ஆளாக. சமையல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கூட உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினால் போதும், அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் சார், இவன் வந்து நிற்கிறான்.

ம், சாவியா. குடு. இந்தக் கையில எண்ணெ, இரு. இந்தா, இந்தக் கையில வை.